காணி யாருடையது? வன்னியில் ஐந்து நாள்

முதல் நாள், வவுனியா

இரணைமடுவில் இருக்கும் மாமி போன கிழமை போன் எடுத்தார். அப்பாவின் கடைசித் தங்கை. "காணிக் கந்தோரில இருந்து கடிதம் ஒண்டு வந்திருக்கு பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ வந்து வாசிச்சுச் சொன்னால் நல்லம்" என்றார். ஐந்து நாள் லீவு போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நேரே போனால் காலைச் சாப்பாட்டுக்கே மாமி வீட்டில் இருந்திருக்கலாம். நான் அதைக் கடந்து வவுனியாவுக்கு வந்து இறங்கியிருக்கிறேன். இங்கிருந்து ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம், விசுவமடு என்று சுற்றிக்கொண்டு கடைசியில் இரணைமடு. உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சொத்துரிமை, வாக்குரிமை, குடியுரிமை என்று கரும்பலகையில் எழுதி எழுதியே பத்தொன்பது வருடம் போய்விட்டது. அந்தச் சொற்கள் வன்னிக் காணிக்குள் இறங்கியபோது யாருக்கு என்ன ஆயிற்று என்று நடந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் சிலையைப் பார்த்துவிட்டு நிழல் தேடி நடந்தேன். இந்த ஊர் என்றால் எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருவார். 1947 தேர்தலில் வவுனியாவில் வென்ற சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முதல் அமைச்சரவையில் அமைச்சர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் வேலை நடந்தபோது, 1948இல் பதவியை விட்டு வெளியே வந்தார். நூறு நாற்காலி ஆசைகளுக்கு நடுவே அது பெரிய காரியம். ஆனால் அதே மனிதர்தான் 1968இல், ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக முயன்றபோது வாசலில் மறித்து நின்றவர்களின் முன்னால் நின்றார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் அவர் மீது வழக்கும் நடந்தது.

இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். நல்லவரா கெட்டவரா என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. உரிமை என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனக்கண்ணில் யார் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பயணம் முழுக்க அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், ஒட்டுசுட்டான்

காலையில் மாங்குளம் பஸ். அங்கிருந்து முல்லைத்தீவு ரோட்டில் இன்னொரு பஸ். இரண்டு பக்கமும் பாலையும் வீரையும். மாங்குளத்தில் ஒரு அக்கா பாலைப்பழம் விற்றார். ஒரு சுண்டு வாங்கி, கை பிசுபிசுக்கச் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு முதலில் போனேன். குரக்கன் அறுத்த பிறகு நின்ற ஒட்டை ஒரு விவசாயி சுட்டபோது லிங்கம் வெளிப்பட்டது, அதனால்தான் ஊருக்கு ஒட்டுசுட்டான் என்று பெயர் என்பார்கள். ஐதீகத்தை விடுங்கள். அந்தப் பெயருக்குள் ஒரு பயிர்முறை அப்படியே இருக்கிறது. காட்டை வெட்டுவது, காய்ந்ததும் சுடுவது, சாம்பலில் குரக்கனோ சோளமோ போடுவது, ஓரிரு போகம் எடுத்துவிட்டு நிலத்தைக் காட்டிடமே திருப்பி விடுவது. பல வருடம் கழித்துத் திரும்பி வருவது. சேனைப் பயிர். திரும்பி வரும்வரை அந்த நிலம் பார்ப்பவருக்கு வெறும் காடு. ஊரில் உள்ளவருக்கு அது இன்னாருடைய சேனை.

கோயிலில் இருந்து ஓட்டோவில் கற்சிலைமடுவுக்குப் போனேன். 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியன் இந்த இடத்தில் பிரித்தானியக் கப்டன் வொன் றிபேர்க்கிடம் தோற்றதைச் சொல்லும் நினைவுக்கல் இங்கேதான் நின்றது. வென்றவர்கள் வைத்த கல் அது. நம் ஆட்கள் அதையே தங்கள் நினைவிடமாக ஆக்கிக்கொண்டார்கள். அந்தத் தோல்வியைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம். 37 வருடம் கழித்து, வாளும் துவக்கும் இல்லாமல், ஒரு தாளில் நடந்த தோல்வியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முடிக்குரிய, அதாவது அரசுக்குரிய, காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர். காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கும் வரைக்கும், முடிக்குச் சொந்தம் என்று அது சொன்னது. நிரூபிக்க வேண்டியவர் யார்? சேனை வெட்டினவர். எதைக் கொண்டு? தாளைக் கொண்டு. அவரிடம் இருந்ததோ கத்தியும் கோடரியும்.

இங்கேதான் எனக்கு ஜோன் லொக் நினைவு வந்தது. 1689இல் வெளிவந்த அவருடைய அரசு பற்றிய இரண்டு கட்டுரைகளை ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன். நிலம் ஆதியில் எல்லோருக்கும் பொது. ஒருவர் தன் உழைப்பை அதோடு கலக்கும்போது அது அவருடையதாகிறது, மற்றவர்களுக்கும் போதிய அளவு நல்ல நிலம் மிஞ்சியிருக்கும் வரையில். மன்னருடைய கைக்கு எதிராகக் குடியானவரின் கையை உயர்த்திய யோசனை இது. நவீன சொத்துரிமையின் வேர்களில் ஒன்று. படிப்பிக்கும்போது எனக்கே பிடிக்கும்.

ஆனால் எதை உழைப்பு என்று கணக்கெடுப்பது? வேலி அடைத்து, வருடா வருடம் உழுவதுதான் லொக்கின் மனக்கண்ணில் இருந்த உழைப்பு. அமெரிக்கப் பழங்குடிகளின் காடுகளை அவரே தரிசு என்றுதான் எழுதினார். சேனையில் நிலத்தை ஆறவிடுவதும் உழைப்பின் ஒரு பகுதிதான் என்பது அந்தக் கணக்கில் சேராது. உழைத்தவருக்கே நிலம் என்ற யோசனை, நீ உழைக்கவில்லை ஆகவே நிலம் உன்னுடையது அல்ல என்று திரும்பி விழுந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்துக்கு நிலம் வேண்டியிருந்தது. ஏக்கர் 5 சிலிங் என்று தோட்டக்காரருக்கு விற்றார்கள். வன்னிக் காட்டில் கோப்பி வராது. என்றாலும் சட்டம் இங்கேயும் அதே சட்டம்தான். இன்றைக்கும் வன்னியில் பாதிப்பேச்சு "உறுதிக் காணியா, பெமிற் காணியா, காடு வெட்டின காணியா" என்பதாகவே இருக்கிறது. உறுதி என்றால் சொத்துப் பத்திரம், பெமிற் என்றால் அரசு தந்த அனுமதிப்பத்திரம்.

ஓட்டோக்காரத் தம்பியிடம் அவருடைய காணி எப்படி என்று கேட்டேன். "தாத்தா காடு வெட்டினது அக்கா. ஒரு தாளும் இல்லை. வனவளத்துக்காரர் எல்லைக்கல்லுப் போட்டிட்டினம். இப்ப எங்கட கிணறு எங்களுக்கு, தென்னை அவையளுக்கு" என்றார். சிரிக்கவில்லை. நானும்.

மூன்றாம் நாள், கேப்பாப்பிலவு வழியாக விசுவமடு

முள்ளியவளை, வற்றாப்பளை. அம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். உப்புநீரில் விளக்கெரியும் கோயில். வைகாசிப் பொங்கல் முடிந்து சனம் குறைந்திருந்தது. நந்திக்கடல் பக்கம் பார்த்தபடி நின்றேன். 2009 மே மாதத்தைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அதைக் கடந்து வந்தவர்கள் எழுத வேண்டியது அது.

கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு ரோட்டோரம் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தேன். 2017 ஜனவரி 31இல் இந்த ரோட்டில்தான் பெண்கள் பாயை விரித்தார்கள். விமானப்படை முகாமுக்குள் அடங்கிப்போன தங்கள் காணியை விடச் சொல்லி, பிள்ளைகளோடு, பனியில், இரவு பகலாக. மார்ச் 1இல் அந்தக் காணிகள் கைக்கு வந்தன. கேப்பாப்பிலவின் மற்றக் காணிக்காரர் அதற்குப் பிறகும் தெருவில் இருந்தார்கள்.

காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது அழைத்தவர்கள் வாலிபர் காங்கிரஸ்காரர். சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், சுதந்திரம் வேண்டும் என்ற இளைஞர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சத்தியாக்கிரகத்தைப் பெரும்பாலும் மேடையில் இருந்து கற்றார்கள். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று பரவியது. அதை நடத்தியது ஒரு கட்சி. தலைவர்கள் இருந்தார்கள், தொண்டர் படை இருந்தது. பிலக்குடியிருப்பில் அப்படி ஒன்றும் இல்லை. கடைக்காரம்மா சொன்னார்: "ஆர் பிள்ளை எங்களுக்குச் சொல்லித் தந்தது? வீட்டுக்கு முன்னால போய் இருப்பம் எண்டு வெளிக்கிட்டம். வீடு உள்ளுக்க. அதுக்குக் கிட்டப் போகக்கூடிய இடம் ரோட்டுத்தான்." சத்தியாக்கிரகத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. தன்னுடையது எதுவோ அதற்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு கிட்டப் போய், அசையாமல் இருப்பது.

இன்னொன்றும் நெஞ்சில் நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் போராட்டம் தொடங்கியதும் ஒரு பெப்ரவரி 20தான், 2017இல். 1961ஐ நினைத்துத் தேர்ந்த நாளல்ல. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதலாவதில் கச்சேரி வாசலை மறித்தார்கள். இரண்டாவதில் தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு கோயிலோரம் குந்தியிருந்தார்கள்.

பின்னேரம் விசுவமடு. படித்த வாலிபர் திட்டத்தில் முத்தையன்கட்டிலும் இங்கேயும் இளைஞருக்குக் காணி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கொழும்பில் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில் இங்கே செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது. சுயசார்பு என்றும் திறந்த சந்தை என்றும் நான் பரீட்சைக்கு இரண்டு பந்தி எழுதிக்கொடுப்பது, இங்கே ஒரு வீட்டின் பாதிச் சுவராக நிற்கிறது. சுவரைக் காட்டியவருக்கு எழுபது வயதுக்கு மேல். தளம் வரைக்கும் மிளகாய்க் காசு, அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்றார்.

நான்காம் நாள், கிளிநொச்சி

தர்மபுரம், பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து, நேரே பாரதிபுரம் போனேன். கூடப் படிப்பித்த ஒரு ரீச்சரின் வீடு. அவருடைய தாத்தா பாட்டி மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வந்தவர்கள்.

முந்தநாள் ஒட்டுசுட்டானில் விட்ட நூலை இங்கே வந்து பிடித்தேன். 1840ஆம் ஆண்டுச் சட்டம் மலைக்காட்டைத் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் வேலைசெய்யத் தமிழ்நாட்டில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, ஆட்கள் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். லொக் சொன்ன மாதிரி உழைப்பைக் கலந்ததால் நிலம் கிடைக்கும் என்றால், முழு மலைநாடும் இவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமனாக வாக்குக் கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆசியாவில் முந்திக்கொண்டோம் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட இடமுண்டு. ஆனால் தோட்டத் தொழிலாளரை இந்தப் பொதுவான வாக்குக்குள் எடுக்கலாமா என்று அப்போதே தகராறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் வாக்கும் போயிற்று. சுதந்திரம் வந்து ஒரு வருடம் திரும்புவதற்குள், பல தலைமுறையாக இருந்தவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் குரல் மாறிவிடும். மாறட்டும்.

வன்னிக்கு வந்தவர்களை அரவணைத்தவர்களில் காந்தியம் அமைப்புக்குத் தனி இடம் உண்டு. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் எழுபதுகளில் வவுனியாவில் தொடங்கியது. குடியேற்றம், பாலர் பாடசாலை, பண்ணை. இருவரையும் 1983 ஏப்ரலில் பிடித்தார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி இந்தியா போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2015இல் இதே கிளிநொச்சியில் காலமானார்.

"இப்ப எப்படி?" என்று ரீச்சரிடம் கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "குடியுரிமை இருக்கு, வாக்கு இருக்கு. கலியாணம் பேசேக்குள்ள மட்டும் எங்கட பூர்வீகத்தைக் கேட்பினம்." நான் தலையைக் குனிந்தேன். கேட்கிறவர்கள் எங்கள் ஆட்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்தவர்களின் பிள்ளைகள். என் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். வயல் ஒருவருடையது, அதில் கூலி வேலை இன்னொருவருடையது என்ற பிரிவு இந்தக் குடியேற்றங்களிலேயே உருவானது. அதை யாரும் தெற்கில் இருந்து கொண்டுவந்து இறக்கவில்லை.

ஐந்தாம் நாள், இரணைமடு

காலை மாமி வீடு. முற்றத்தில் கால் வைத்ததும், "மெலிஞ்சு போனாய்" என்றார். ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். கடிதத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் சாப்பிடு என்றார். சரி என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறினோம். கனகராயன் ஆற்றை மறித்த குளம். யாழ்ப்பாணத்துச் சன நெருக்கமும் வேலையின்மையும் தீர வேண்டும் என்று 1936இல் கிளிநொச்சியைக் குடியேற்றமாகத் தொடங்கினார்கள். எங்கள் தாத்தா ஐம்பதுகளில் வடமராட்சியில் இருந்து வந்தவர். காடு, யானை, நெருப்புக் காய்ச்சல் எல்லாவற்றையும் மாமி நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்.

தூரத்தில் பச்சையாகத் தெரிந்த துண்டுகளைக் காட்டி, இந்த வருடச் சிறுபோகப் பங்கைச் சொன்னார். காலபோகத்தில் எல்லோரும் எல்லா வயலும் விதைப்பார்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் போதாது. ஆகவே கூட்டம் வைத்து, எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால் என்று பேசி, விதைக்கிற பகுதியை எல்லோருக்கும் பங்கிடுவார்கள். தன்னுடைய வயல் தரிசாகக் கிடக்க, இன்னொருவருடைய வயலில் தன் பங்கை விதைக்கிறவரும் உண்டு. சண்டை வரும். மண்வெட்டி தூக்குவார்கள். அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள்.

பொதுவான எதையும் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஒன்றில் அரசு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் 1968க்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. கரெட் ஹார்டின் என்ற உயிரியலாளரின் கட்டுரை அது. அப்படி இல்லை, பாவிக்கிறவர்கள் தாங்களே விதி வைத்துக் காலங்காலமாகக் காத்த பொதுச் சொத்துக்கள் இருக்கின்றன என்று எலினோர் ஒஸ்ரம் நாடு நாடாகத் தேடிக் காட்டினார். நீர்ப்பாசனமும் அவருடைய சான்றுகளில் ஒன்று. பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண். பரிசு அறிவித்தது 2009 ஒக்ரோபரில். அந்த ஒக்ரோபரில் இந்த வாய்க்கால்காரர் பெரும்பாலானோர் செட்டிகுளம் அகதி முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். மாமியும். தண்ணீர் லொறி வரும்போது வரிசை எப்படி வைப்பது என்று அங்கேயும் தாங்களே ஒழுங்கு செய்தார்களாம். "வாய்க்கால்ல பழகினது தானே" என்றார்.

மத்தியானம் பையைத் திறந்தார். உரப்பையில் தைத்த ஒரு பை. புதுக்குடியிருப்பும் முள்ளிவாய்க்காலும் கடந்து வந்தது. அதற்குள் பொலித்தீனில் சுற்றித் தாத்தாவின் பெமிற். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. காணியை ஈடு வைக்கவும் துண்டாடவும் விடாமல், சிறு விவசாயியைக் கடன்காரரிடம் இருந்து காப்பதற்காக எழுதிய சட்டம். நோக்கம் நல்லது. துண்டாடக்கூடாது என்றால் ஒருவருக்குத்தான் போக வேண்டும். பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் பெமிற்காரர் இறந்தால், மனைவிக்குப் பிறகு யாருக்கு? அட்டவணையில் முதலில் மகன்மார், அதிலும் மூத்தவர். பிறகுதான் மகள்மார்.

தாத்தா 1986இல் பெயர் குறிக்காமல் இறந்தார். பாட்டிக்குப் பிறகு காணி பெரியப்பாவின் பெயருக்கு மாறியது. பெரியப்பா அப்போதே கனடாவில். மாமி பதினான்கு வயதில் இருந்து இந்த வயலில் நிற்கிறார். இடம்பெயர்ந்தபோது தாளைச் சுமந்தவரும் அவர். திரும்பி வந்து பற்றை வெட்டியவரும் அவர். 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளை என்று ஆக்கினார்கள். 1931இல் வாக்குப் பெற்ற பெண்ணுக்கு, காணியில் சமன் என்று எழுதத் தொண்ணூறு வருடம். அதுவும் மூத்தவருக்கு. கடைக்குட்டிக்கு இல்லை. மாமிக்கு நடந்தது நடந்ததுதான்.

கடிதத்தை வாசித்தேன். காணியில் யார் குடியிருக்கிறார்கள், உரித்தாளருடைய சம்மதம் உண்டா என்று விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதே விசாரணைக்கு மாமி முன்பு மூன்று தடவை போயிருக்கிறார். ஒரு தடவை கோப்பைக் காணவில்லை என்றார்களாம். மூன்று தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும். எனக்குக் கோபம் வந்தது. மாமிக்கு வரவில்லை. "இந்த முறை நீ வருவாய் தானே" என்று மட்டும் கேட்டார்.

பின்னேரம் கனடாவுக்குப் போன் எடுத்தேன். பெரியப்பாவின் மகன். ஒரு சம்மதக் கடிதம் போதும், அதைக் கொண்டு மாமியின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்றேன். "அந்தக் காணி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். பிறகு, "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்றார். நான் சட்டத்தைச் சொல்லவில்லை. மாமி என்ன நெல் விதைத்திருக்கிறார், கிணற்றடி முருங்கை எவ்வளவு உயரம் என்று சொன்னேன். அவருடைய பிள்ளைகள் பின்னால் இங்கிலீசில் விளையாடும் சத்தம் கேட்டது. நாளைக்குத் திரும்ப எடுப்பேன்.

விசாரணை வியாழக்கிழமை. லீவை இரண்டு நாள் கூட்டச் சொல்லி அதிபருக்குச் சொல்லிவிட்டேன்.

மாமி வெள்ளனப் படுக்கப் போய்விட்டார். விடிய நாலு மணிக்கு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. பக்கத்து வயல்காரர் முறையை விட்டுத் திருப்ப நாங்கள் நிற்க வேண்டும். மண்வெட்டியும் டோர்ச் லைற்றும் கதவடியில் இருக்கின்றன. எனக்கும் ஒரு சோடி பழைய செருப்பு எடுத்து வைத்திருக்கிறார்.